குறைந்த மைல் ஓடிய ஆர்எக்ஸ்-8 என்றால் எஞ்சின் நன்றாக இருக்கும் என்று பொருளா?

12 அக்டோபர் 2024

இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "அண்ணா, 2006 ஜூன் மாதம் பதிவான மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 231 பிஎஸ் குதிரைத்திறன், ஆறு கியர். 46,000 மைல்தான் ஓடியிருக்கிறது. 1,600 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். பதினெட்டு வருடக் காருக்கு இவ்வளவு குறைந்த மைல் என்றால் எஞ்சின் புதிது போலத்தானே இருக்கும்? கம்ப்ரஷன் (எஞ்சின் அறைக்குள் உருவாகும் அழுத்தம்) சோதனைக்குக் காசு செலவழிப்பது வீண் என்கிறார் விற்பவர். வாங்கிவிடலாமா?"

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம், இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். பதினெட்டு ஆண்டுக்கு 46,000 மைல் என்றால் ஆண்டுக்குச் சுமார் 2,500 மைல் ஆகிறது. கடைக்கும் பள்ளிக்கும் போய், எஞ்சின் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைக்கப்பட்டு, மறுநாள் வரை குளிர்ந்து கிடந்த காராகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். பிஸ்டன் எஞ்சினுக்கே அது நல்லதல்ல. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டார் சுழலும் இந்தக் காரின் ரோட்டரி எஞ்சினுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. குளிர்ந்த நேரத்தில் கூடுதலாகப் பீச்சப்படும் பெட்ரோல் உள்சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. சரியாக எரியாமல் மிஞ்சும் கரி, அழுத்தம் கசியாமல் காக்கும் சீல்கள் அமர்ந்திருக்கும் பள்ளங்களில் சேர்ந்து அவற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் 90,000 மைல் ஓடி, வாரத்துக்கு ஒரு தடவையாவது நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டிப் பழகிய காரை நான் இதைவிட நம்புவேன்.

என்னிடம் 2005ஆம் ஆண்டின் ஆர்எக்ஸ்-8 ஒன்று 2019 மே மாதத்திலிருந்து இருக்கிறது. வாங்கியபோது 58,000 மைல், இன்று 81,000. இந்த ஐந்து ஆண்டில் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: ரோட்டரியில் கெட்ட எஞ்சின் என்று எதுவும் கிடையாது, கெட்ட உரிமையாளர்கள்தான் உண்டு.

13 அக்டோபர் 2024

முதலில் சொல்லியிருக்க வேண்டியதை நேற்று விட்டுவிட்டேன். தம்பி, பதிவுத் தேதியைப் பாருங்கள். பிரிட்டனில் 2006 மார்ச் 23க்கு முன் பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும் சாலை வரியில் 'கே' பிரிவுக்கு மேல் போகாது. அந்தத் தேதியிலோ அதற்குப் பின்போ பதிவானது, கிலோமீட்டருக்கு 255 கிராமுக்கு மேல் கரியமில வாயு விட்டால், 'எம்' பிரிவில் விழும். 231 பிஎஸ் ஆர்எக்ஸ்-8 விடுவது 299 கிராம். 2024-25 கணக்கில் 'கே' 415 பவுண்டு, 'எம்' 735 பவுண்டு. வித்தியாசம் 320. ஐந்து ஆண்டு வைத்திருந்தால் நீங்கள் கொடுக்கப்போகும் 1,600 பவுண்டு இன்னொரு முறை போய்விடும். அதே கார், அதே எஞ்சின், அதே நிறம். மூன்று மாதம் முன்னால் பதிவாகியிருந்தால் போதும். என்னுடையது 2005 நவம்பர். அதைத் திட்டமிட்டு வாங்கினேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான், ஆனால் வாங்கிய பிறகுதான் இந்த விதியே எனக்குத் தெரிந்தது.

19 அக்டோபர் 2024

கம்ப்ரஷன் சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் காரை வாங்குவதில் முக்கால் பங்கு இதுதான்.

சாதாரண ஒர்க்ஷாப்பில் இருக்கும் பிஸ்டன் எஞ்சினுக்கான அளவி இங்கே பயன்படாது. ரோட்டார் முக்கோண வடிவமானது. அதற்கு மூன்று முகங்கள், மூன்று முனைகளிலும் மூன்று சீல்கள். மூன்று முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பிளக் துளையைக் கடந்து போகின்றன. சாதாரண அளவி அவற்றில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் செத்துக் கிடந்தாலும் மற்ற இரண்டும் அதை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே செய்யப்பட்ட அளவி ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டு ரோட்டாருக்கு ஆறு எண்கள் வர வேண்டும். ஒரே எண்ணை எழுதிக் கொடுத்து "கம்ப்ரஷன் பார்த்தாயிற்று" என்று யாராவது சொன்னால், அவர் பார்க்கவில்லை.

இந்த எஞ்சினுக்கு 250 சுற்று வேகத்தில் 8.3 பார் அழுத்தம் என்பது நல்ல அளவு, 6.8 பார் என்பது கடைசி வரம்பு. ஒரே ரோட்டாரின் மூன்று முகங்களுக்குள் 1.5 பாருக்கு மேலும், இரண்டு ரோட்டார்களுக்கு இடையே 1 பாருக்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. எண்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு முனை சீல் இரண்டு அறைகளுக்கு இடையே நிற்கும் சுவர்; அது தேய்ந்தால் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் சேர்ந்து விழும். ஒரு முகம் மட்டும் தனியாக விழுந்திருந்தால் பக்கவாட்டுச் சீலைச் சந்தேகிக்கலாம். நான் வாங்கும்போது என் காரின் எண்கள்: முன் ரோட்டார் 7.7, 7.6, 7.7, பின் ரோட்டார் 7.4, 7.3, 7.5. பதின்மூன்றரை வயதுக் காருக்கு அது நல்ல ஜாதகம்.

எந்த வேகத்தில் அளந்தார்கள் என்பதைக் கேட்காமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைக் 250 சுற்றுக்குக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். விற்பவர் காட்டும் ரசீதுக் கட்டில் "புதிய ஸ்டார்ட்டர்" என்று ஒன்று இருந்தால் எல்லோரும் மகிழ்வார்கள், நான் முகம் சுளிப்பேன். சோர்ந்துபோன எஞ்சினைக் கொஞ்ச நாள் எழுப்பிக் காட்ட அதைவிட மலிவான வழி இல்லை.

அளவியே கிடைக்காத இடத்தில் செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, காரை அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்து, பிறகு சாவியைத் திருப்புங்கள். சூடான எஞ்சின் ஓரிரு விநாடியில் பிடிக்க வேண்டும். இழுத்து இழுத்துச் சுற்றினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு சுற்றச் சொல்லுங்கள். அப்போது பெட்ரோல் பீச்சுவது நின்றுவிடும், எஞ்சின் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். காதைக் கொடுத்துக் கேட்டால் புஸ், புஸ், புஸ் என்று ஒரே சீரான மூச்சு வர வேண்டும். புஸ், புஸ், வெறுமை, புஸ், புஸ், வெறுமை என்று நொண்டினால் ஒரு முகம் போய்விட்டது.

விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால்? அதுவும் சோதனையின் முடிவுதான்.

20 அக்டோபர் 2024

சோதனை செய்யலாமா என்று கேட்டதிலிருந்து விற்பவர் போனை எடுப்பதில்லையாம். தம்பிக்கு வாழ்த்துகள்.

2 நவம்பர் 2024

"என் நண்பனின் ஆர்எக்ஸ்-8 எண்ணெய் குடிக்கிறது, எஞ்சின் போய்விட்டதா?" என்று இன்னொருவர் கேட்கிறார். குடிக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். முனை சீல், ரோட்டாரைச் சூழ்ந்திருக்கும் கூடான ஹவுசிங்கின் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து எண்ணெய் தெறித்து வர வழியில்லை. ஆகவே வேண்டுமென்றே ஒரு சிறிய பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை அறைக்குள் செலுத்துகிறது, அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிறது. என் கார் ஆயிரம் மைலுக்கு முக்கால் லிட்டர் எடுக்கும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை எண்ணெய்க் குச்சியைப் பார்ப்பது என் வழக்கம். முந்தைய உரிமையாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "டிக்கியில் எண்ணெய் டப்பா இருக்கிறதா?" என்பதுதான். இருந்தது, பாதி காலியாக. அந்தப் பாதி டப்பா சேவைப் புத்தகத்தின் எல்லா முத்திரைகளையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது.

கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல. என் சித்தப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இதே வேலையைத்தான் செய்தது. பெட்ரோல் பங்கில் 2டி ஆயிலைக் கலந்து ஊற்றி, நீலப் புகை விட்டுக்கொண்டு அவிநாசி சாலையில் போவார். ஆர்எக்ஸ் என்ற எழுத்துக்கும் எண்ணெய் எரிப்பதற்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

3 நவம்பர் 2024

திருத்தம். மூன்று பேர் ஒரே நாளில் தலையில் குட்டிவிட்டார்கள். ஆர்எக்ஸ் 100க்குத் தனி எண்ணெய்த் தொட்டியும் பம்பும் இருந்தன. பெட்ரோல் பங்கில் கலந்து ஊற்றியது சித்தப்பா அதற்கு முன் வைத்திருந்த சேட்டக் ஸ்கூட்டருக்கு. நாற்பது வயதுக்கு மேல் நினைவு இரண்டு வண்டிகளை ஒன்றாக்கிவிடுகிறது.

ஆனால் இந்தத் தவறு உண்மையில் உதவியாகத்தான் இருக்கிறது. ஆர்எக்ஸ்-8 தயாரிப்பாளர் கொடுத்தபடி ஓடினால் அது ஆர்எக்ஸ் 100 போல, பம்ப் அளந்து ஊற்றும். ஒரு வித்தியாசம், பம்ப் எடுப்பது தனித் தொட்டியிலிருந்து அல்ல, எஞ்சினின் சொந்த எண்ணெயிலிருந்தே. அந்த எண்ணெய் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே சில உரிமையாளர்கள் பம்பையும் வைத்துக்கொண்டு, பெட்ரோலிலும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கலந்து சேட்டக் போலவும் ஓட்டுகிறார்கள். நானும் அந்தச் சாதிதான். தொட்டி நிறைய ஊற்றும்போது 250 மில்லி சேர்க்கிறேன். பயன் இருக்கிறதா என்று கேட்டால், விபூதி பூசிக்கொள்வதைப் போலத்தான் என்று சொல்வேன். பூசாமல் வெளியே போனால் என்னவோ போல் இருக்கிறது.

எண்ணெயை மாற்றும்போது இன்னொன்று நினைவில் இருக்கட்டும். வடிந்து வருவது மூன்றரை லிட்டர் அளவுதான். முன்பக்கத்து இரண்டு குளிர்விப்பான்களிலும் குழாய்களிலும் ஏறக்குறைய அதே அளவு பழைய எண்ணெய் தங்கிவிடுகிறது. அதனால்தான் நான் 3,000 மைலுக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

24 நவம்பர் 2024

என் சொந்த அவமானக் கதையை எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. குளிர்காலம் தொடங்கிவிட்டது, இந்தத் தவறைச் செய்யப் பத்துப் பேராவது இப்போது காத்திருப்பார்கள்.

2020 பிப்ரவரியில் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்தார்கள். டாக்ஸி வாசல் வரை வர வேண்டும், பெட்டிகள் ஆறு. நான் காரை எடுத்துப் பதினைந்து அடி முன்னால் நகர்த்தி அணைத்தேன். அவ்வளவுதான். இருபது விநாடி ஓடியிருக்கும். மறுநாள் காலை அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, எடையே இல்லாததுபோல் சுற்றியது, பிடிக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குள் பீச்சிய பெட்ரோல் எரியாமல் தங்கி, எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, பிளக்குகளையும் நனைத்துவிட்டது. சீல் சுவரோடு ஒட்டாததால் கம்ப்ரஷன் இல்லை. கம்ப்ரஷன் இல்லாததால் எரியவில்லை. எரியாததால் இன்னும் பெட்ரோல் சேர்ந்தது.

ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, எட்டு விநாடி சுற்றுவதும் ஒரு நிமிடம் ஓய்வு கொடுப்பதுமாக ஐந்து தடவை முயன்றேன். பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். மாமனார் திண்ணையில் உட்கார்வதுபோல் வாசற்படியில் உட்கார்ந்து, "எங்க ஊர் அம்பாசடரா இருந்தா தள்ளிவிட்டே கிளப்பிடலாமே மாப்பிள்ளை" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இடது முன்சக்கரத்தைக் கழற்றி, அந்தப் பக்கமாகக் கையை நுழைத்து நான்கு பிளக்குகளையும் எடுத்தேன். நான்கும் பெட்ரோலில் குளித்திருந்தன. நுனியிலிருந்து சொட்டு விழுந்தது. துளைகள் திறந்தபடி எஞ்சினைச் சுற்றவிட்டபோது வந்த பெட்ரோல் வாடை மூன்று நாள் என் கையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, உலர்ந்த பிளக்குகளைப் போட்டு (கீழே உள்ளது 'எல்', மேலே உள்ளது 'டி', இரண்டும் வேறு வகை, மாற்றிப் போடக் கூடாது), பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து பேட்டரி இணைப்புக் கொடுத்துச் சுற்றினேன். முதலில் ஒரு இருமல், பிறகு இரண்டு, பிறகு தெருவே மறையும்படி வெண்புகை. தீயணைப்புப் படையை அழைக்கப் போன எதிர்வீட்டு அம்மையாரைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தடுத்தார்.

ஆகவே: கிளப்பினால் ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் சூடேறும் வரையாவது நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கிளப்பாதீர்கள்.

7 டிசம்பர் 2024

காயில் பற்றிச் சுருக்கமாக. நான்கு பிளக்குக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுக்க நான்கு இக்னிஷன் காயில்கள். அவை சாகும்வரை காத்திருக்கக் கூடாது. 30,000 மைலுக்கு ஒரு முறை நான்கையும் மாற்றிவிட வேண்டும். ஒன்று சோர்ந்தால் அந்த அறையில் எரியாத பெட்ரோல் அப்படியே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டரின் உள்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் சூடு எஞ்சினுக்கே திரும்பும். கடைசியில் சீல் போகும். எண்பது பவுண்டில் தொடங்குவது நாலாயிரத்தில் முடியும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு நான் 2021இல் என்ன செய்தேன்? இணையத்தில் பெயர் தெரியாத ஒருவரிடம் நான்கும் சேர்த்து 55 பவுண்டுக்கு வாங்கினேன். ஏழாவது மாதம், மூன்றாம் கியரில் முழு வேகம் கொடுத்தபோது கார் குதிரை உதறுவதுபோல் உதறியது, எஞ்சின் விளக்குச் சிமிட்டியது. விளக்கு நிலையாக எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். சிமிட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். நான் முப்பது மைல் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். கன்வெர்ட்டருக்கு 420 பவுண்டு. "மலிவாகக் கிடைத்தது" என்று அந்த 55 பவுண்டைப் பற்றி மனைவியிடம் சொன்னது இன்றும் அவ்வப்போது எனக்கே திரும்பி வருகிறது.

8 டிசம்பர் 2024

இந்த எஞ்சினின் கொள்ளளவு 1.3 லிட்டரா, 2.6 லிட்டரா என்ற சண்டையை யாரோ தொடங்கியிருக்கிறார்கள். ஒரு அறை 654 சிசி, இரண்டு ரோட்டார், 1,308 சிசி. பதிவுப் புத்தகத்தில் இருப்பது அதுதான். ஜப்பானின் வரிக் கணக்கில் ரோட்டரியை ஒன்றரையால் பெருக்குவார்கள், அதனால் 1,962. காப்பீட்டுக்காரரிடம் 1.3 என்று சொல்லுங்கள். பெட்ரோல் பங்கில் அது மூன்று லிட்டர் எஞ்சின் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேலனுக்கு 19 மைல் கிடைக்கிறது.

15 பிப்ரவரி 2025

அக்டோபர் 12 அன்று நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்று வாரமாக என் கார், சூடான நிலையில் கிளம்பத் தயங்குகிறது. முதலில் நான்கு விநாடி, பிறகு ஏழு. பேட்டரி என்றேன், குளிர் என்றேன், பெட்ரோல் சரியில்லை என்றேன். பிறருக்குச் சொன்ன அறிவுரையை நமக்கே சொல்லிக்கொள்ள எவ்வளவு நாள் ஆகிறது பாருங்கள். நேற்று சோதனைக்குக் கொண்டுபோனேன். முன் ரோட்டார் 7.2, 7.1, 7.2. பின் ரோட்டார் 7.0, 6.2, 6.1. அடுத்தடுத்த இரண்டு முகங்கள். முனை சீல்.

83,000 மைல். எண்ணெய் குறைந்ததில்லை, சூடேறாமல் விரட்டியதில்லை, வாரம் தவறாமல், சுற்று வேகம் எல்லையை நெருங்கும்போது கார் எச்சரிக்கை ஒலி எழுப்பும் வரை ஓட்டியிருக்கிறேன். கெட்ட உரிமையாளர் என்று இப்போது யாரைச் சொல்வது? அந்த முப்பது மைல் ஒரு காரணமாக இருக்கலாம், அந்த வெண்புகை நாளும் இருக்கலாம். ஆனால் எல்லாப் பழியையும் ஓட்டுபவர்மீதே போடுவது நியாயமல்ல என்று இப்போது தோன்றுகிறது. என் காரில் ஒரு ரோட்டாருக்கு எண்ணெய் செலுத்தும் துளைகள் இரண்டு, ஓரங்களில். பின்னால் வந்த திருத்திய மாடலில், இங்கே ஆர்3 என்று விற்றதில், நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஓட்டுபவர்கள் மட்டும்தான் காரணம் என்றால் அந்த மூன்றாவது துளைக்குத் தேவையே இருந்திருக்காது. பணம் இருப்பவர்கள் ஆர்3 தேடுங்கள். ஆனால் அக்டோபர் 13 அன்று எழுதிய 'எம்' பிரிவு வரி அதற்கு உண்டு.

1967இல் ஜெர்மனியில் வந்த என்எஸ்யு ஆர்ஓ 80 என்ற ரோட்டரி காரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கை உண்டு. அந்தக் கார்க்காரர்கள் சாலையில் எதிரெதிரே சந்தித்தால் கையை உயர்த்தி விரல் காட்டுவார்களாம், எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று. இதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு விரல்.

16 பிப்ரவரி 2025

"விற்றுவிடுங்கள், சூடாக இருக்கும்போது காட்டாமல் குளிர்ந்த நிலையில் காட்டுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி விற்றவர்களால்தான் இந்த இழையே தேவைப்படுகிறது.

22 மார்ச் 2025

எஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் அந்தப் பட்டறையில் ரோட்டரி மட்டும்தான் பார்க்கிறார்கள். நான் அரைநாள் விடுப்பெடுத்துப் போய் நின்று பார்த்தேன். பிஸ்டன் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எஞ்சினாகவே தோன்றாது. வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. தடித்த தட்டுகளைச் சாண்ட்விச் போல அடுக்கி நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின் ரோட்டாரின் தேய்ந்த சீலைக் கையில் கொடுத்தார்கள். சீப்பின் ஒரு பல்லை உடைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று தோன்றிற்று.

ஹவுசிங்கின் உட்சுவர், இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவத்தில், கண்ணாடி போல் பளபளத்தது. நகத்தால் வழித்துப் பார்த்தேன், மேடு பள்ளம் இல்லை. 1960களில் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவும் அவருடைய நாற்பத்தேழு பொறியாளர்களும் முதலில் மல்லுக்கட்டியது இந்தச் சுவரோடுதான். சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரில் வரிவரியாகக் கீறியது, அதைப் "பேயின் நகக்கீறல்" என்று அவர்கள் அழைத்தார்கள். அதை வென்ற பிறகே 1967இல் மாஸ்டாவின் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. என் சுவரில் பேய் இல்லை. ஆனால் பின் ஹவுசிங்கின் ஓரத்தில், அரிசி அளவுக்கு, குரோமிய முலாம் உரிந்திருந்தது. பட்டறைக்காரர் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அந்த ஓர் அரிசிக்கு ஒரு புதிய ஹவுசிங்.

மதிப்பீடு 3,700 பவுண்டாக இருந்தது 4,350 ஆயிற்று. இந்த நிலையில் காரை விற்றால் 500 பவுண்டு கிடைக்கும். கணக்குத் தெரிந்தவன் செய்யக்கூடிய காரியம் இதுவல்ல. செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

1 ஏப்ரல் 2025

2025-26க்கான சாலை வரி இன்று முதல் 'கே' 430 பவுண்டு, 'எம்' 760 பவுண்டு. முட்டாள்கள் தினம் என்பதால் சொல்லவில்லை, உண்மைதான்.

10 மே 2025

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் ஆயிரம் மைலுக்கு 4,000 சுற்றைத் தாண்டக் கூடாது, ஐந்நூறில் ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 9,000 சுற்று வரை போகக்கூடிய எஞ்சினை அதில் பாதிக்கும் கீழேயே ஓட்டுவது, விரத நாளில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போல. ஒலியே வேறு மாதிரி இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடும்போது முன்பு இருந்த சிறு நடுக்கம் இல்லை. ஆறு ஆண்டாக அதை இந்தக் காரின் இயல்பு என்று நினைத்திருந்தேன்.

23 ஜூன் 2025

1991இல் இதே நாளில் ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55ஆம் எண் மாஸ்டா 787பி ரோட்டரி கார் லெ மான் பந்தயத்தை வென்றது. 24 மணி நேரம், 362 சுற்று, நான்கு ரோட்டார். என் கார் இரண்டு ரோட்டாரோடு இன்று 1,040ஆவது மைலை எட்டியது. விரதம் முடிந்தது. எம்40 சாலையில் நுழையும் சரிவில் இரண்டாம் கியரில் எல்லை ஒலி கேட்கும்வரை போனேன், ஒரு முறை. வேறெதையும் பற்றி இன்று எழுதப்போவதில்லை.

17 ஆகஸ்ட் 2025

லெஸ்டர் தம்பி வாங்கிவிட்டார். 2005 செப்டம்பர் பதிவு, 88,000 மைல், ஆறு எண்களும் 7.3க்கு மேல், 2,100 பவுண்டு. விற்றவர் டிக்கியில் எண்ணெய் டப்பாவும் தந்தாராம். எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாற்றை வண்டி எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகப் பார்த்தாரா என்று கேட்டேன், பார்த்திருக்கிறார். 2022இல் பின்சக்கர வளைவில் துரு என்று குறித்திருந்ததைச் சொல்லி 150 பவுண்டு குறைத்தும் இருக்கிறார். துருவைப் பற்றி நான் எழுதவே மறந்துவிட்டேன். பின்சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழே உள்ள சட்டங்கள், இந்த இரண்டையும் குனிந்து பாருங்கள். மேலே எவ்வளவு பளபளத்தாலும் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள்.

அவருடைய கேள்வி இப்போது வேறு: டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்கலாமா? நவம்பர் 3 அன்று எழுதியதைப் படியுங்கள். என் எஞ்சினைப் பிரித்தபோது பட்டறைக்காரரிடம் கேட்டேன், கலந்ததால் நன்மை தெரிகிறதா என்று. "முன் ரோட்டாரைக் காட்டினால் ஆமாம் என்பீர்கள், பின் ரோட்டாரைக் காட்டினால் இல்லை என்பீர்கள்" என்றார். நான் இன்னும் கலக்கிறேன்.

14 செப்டம்பர் 2025

இன்று வாசலில் விழுந்து கிடந்த இலைகளைப் பெருக்க வேண்டியிருந்தது, கார் வழியில் நின்றது. சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. மகனைக் கூப்பிட்டு, கைப் பிரேக்கை இறக்கிவிட்டு, இருவருமாகப் பன்னிரண்டு அடி தள்ளினோம். 1,400 கிலோ. ஜன்னலில் நின்றிருந்த மாமனார் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து பின்பக்கம் ஒரு கை கொடுத்தார்.